கன்பூசியஸ் சொன்னதில் அப்படி என்ன இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, மார்ச் 2

பண்டைய சீன ஆசிரியர் கன்பூசியஸின் பொன்மொழிகள் என்று நாள்தோறும் கைப்பேசியில் வந்து குவிகின்றன. பெற்றோரை மதி, நண்பரிடம் உண்மையாக இரு, விடாமல் படி. இவற்றை எந்த ஊரிலும் எந்தப் பாட்டியும் சொல்வார். இதில் தத்துவம் எங்கே இருக்கிறது? ஒரு பெரிய நாடு இவரை இத்தனை நூற்றாண்டுகளாகக் கொண்டாடியதற்கு அரசின் ஆதரவைத் தவிர வேறு காரணம் ஏதேனும் உண்டா?

மார்ச் 2, இரவு

இதே குறையை ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல் தம் விரிவுரைகளில் சொல்லியிருக்கிறார். கன்பூசியஸிடம் இருப்பவை எங்கும் கிடைக்கும் பொது நீதிகளே என்றும், அவருடைய புகழைக் காப்பதற்காகவேனும் அந்த நூலை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம் என்றும் அவர் கருதினார். தனித்தனி வரிகளாக வெட்டி எடுத்துப் படித்தால் அந்த முடிவுக்குத்தான் எவரும் வருவார். ஆனால் லுன்யூ என்னும் அந்த நூல், அதாவது உலகம் அனலெக்ட்ஸ் என்று அறிந்த நூல், வரிகளின் தொகுப்பு அன்று. 20 இயல்களும் ஏறத்தாழ 500 சிறு பத்திகளும் கொண்ட அதில் கணிசமான பகுதி, ஒருவர் கேட்க மற்றவர் சொன்ன பதில். கேட்டவர் யார் என்பதை நீக்கினால் பதிலின் பொருள் குறைந்துவிடுகிறது.

11ஆம் இயலில் ஒரு பத்தி. 'நல்லது ஒன்றைக் கேட்டவுடன் அதைச் செய்துவிடலாமா?' என்று மாணவர் சிலூ கேட்கிறார். 'உன் தந்தையும் அண்ணன்மாரும் இருக்கும்போது அவர்களைக் கேளாமல் எப்படிச் செய்வாய்?' என்று பதில் வருகிறது. அதே கேள்வியை இன்னொரு மாணவர் ரான் யூ கேட்கிறார். 'கேட்டவுடன் செய்' என்று பதில் வருகிறது. இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த கோங்ஷி ஹுவா குழம்பிப்போய்க் காரணம் கேட்கிறார். 'ரான் யூ தயங்குபவன், அதனால் முன்னே தள்ளினேன். சிலூவுக்கு இரண்டு பேரின் வேகம் உண்டு, அதனால் பின்னே இழுத்தேன்' என்கிறார் ஆசிரியர். இந்த இரு பதில்களில் ஒன்றை மட்டும் எடுத்து வாழ்த்து அட்டையில் அச்சிட்டால் அது பாட்டி சொல்லும் நீதியாகத்தான் தெரியும்.

மார்ச் 3

மேலே எழுதியதைத் தொடர்கிறேன். நீண்ட காலம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பத்தி எனக்கு வெறும் செய்தியாக இருக்கவில்லை. ஒரே கணக்கில் தவறு செய்த இரு மாணவரில் ஒருவரிடம் 'மறுபடி போட்டுப் பார்' என்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கும். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கூடவே வர வேண்டியிருக்கும். இடம் மாற்றிச் செய்தால் முதலாமவர் சோம்பிப்போவார், இரண்டாமவர் பாடத்தையே வெறுப்பார். எதை எவரிடம் சொல்வது என்ற அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. அதைத் தம் ஆசிரியரிடம் கண்ட மாணவர்கள், பதிலை மட்டும் எழுதிவைக்காமல் கேட்டவரின் பெயரையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள்.

அவர் எவரையும் சேர்த்துக்கொண்டார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. காய்ந்த இறைச்சிக் கட்டு ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவர் எவருக்கும் கற்பிக்க மறுத்ததில்லை என்று அவரே சொல்கிறார். அது மிக எளிய காணிக்கை. சேர்த்துக்கொண்டபின் அவர் கண்டிப்பானவர். விளங்காமல் தவிக்கும் மாணவனுக்குத்தான் வழி திறப்பேன் என்றும், ஒரு மூலையை நான் தூக்கிக் காட்டினால் மற்ற மூன்று மூலைகளோடு திரும்பி வராதவனுக்கு மீண்டும் சொல்ல மாட்டேன் என்றும் 7ஆம் இயலில் சொல்கிறார். இன்றைய வகுப்பறையில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் தவிப்பு வருவதற்கு முன்பே விடையைக் கொடுப்பது கற்பித்தல் ஆகாது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

மார்ச் 3, பிற்பகல்

கன்பூசியஸ் சொன்னவை என்று நண்பர் ஒருவர் இங்கே பதிந்த மூன்று வரிகளைப் பற்றி. 'விரும்பும் வேலையைத் தேர்ந்தெடுத்தால் வாழ்நாளில் ஒரு நாளும் உழைக்க வேண்டியதில்லை' என்பது லுன்யூவில் இல்லை. 'பழிவாங்கப் புறப்படுமுன் இரண்டு குழிகள் தோண்டு' என்பதும் இல்லை. ஆயிரம் லி (லி என்பது சீன நீட்டல் அளவை) தொலைவுப் பயணம் காலடியில் தொடங்குகிறது என்பது இன்னொரு சீனப் பழஞ்சிந்தனையாளரான லாவோ சுவின் பெயரில் வழங்கும் நூலின் 64ஆம் பகுதியில் இருக்கிறது, கன்பூசியஸிடம் இல்லை.

மார்ச் 5

முதல் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லும் பத்தி 5ஆம் இயலின் இறுதியில் இருக்கிறது. 'பத்து வீடுகள் உள்ள சிற்றூரிலும் என்னளவு நேர்மையும் நம்பகமும் உள்ள ஒருவர் நிச்சயம் இருப்பார். ஆனால் என்னளவு கற்றலை விரும்புபவர் இருக்க மாட்டார்.' அதாவது, பாட்டியின் நல்ல குணத்தை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. நல்ல குணம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். தம்மிடம் வேறாக இருப்பது என்று அவர் உரிமை கோருவது கற்றல் விருப்பம் ஒன்றை மட்டுமே.

அந்தக் கற்றல் எது என்பதுதான் இந்த நூலின் மையக் கேள்வி என்று நான் எண்ணுகிறேன். லூ நாட்டின் ஆட்சியாளர் ஆய் கோமகன், 'உம் மாணவர்களில் கற்றலை விரும்புபவர் யார்?' என்று கேட்கிறார். 'யான் ஹுய் என்றொருவன் இருந்தான். அவன் ஒருவர்மேல் வந்த கோபத்தை இன்னொருவர்மேல் காட்ட மாட்டான். ஒரு தவற்றை இரண்டாம் முறை செய்ய மாட்டான். குறுகிய ஆயுளோடு இறந்துபோனான். இப்போது அப்படி ஒருவர் இல்லை' என்பது பதில். கற்றலைப் பற்றிய கேள்விக்கு வந்த இந்தப் பதிலில் நூல்களின் பெயர் இல்லை, மனப்பாடம் இல்லை, விவாதத் திறமை இல்லை. அலுவலகத்தில் மேலதிகாரி கடிந்துகொண்ட நாளின் மாலையில் வீட்டுக் குழந்தையிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதே அங்கே அளவுகோல். இதைப் படித்தபின், கற்றவர் என்று நான் யாரை நினைத்துவந்தேனோ அவர்களின் வரிசையையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

சிலூவைப் பற்றி ஒரே வரியில் ஒரு குறிப்பு அதே 5ஆம் இயலில் வருகிறது. ஒன்றைக் கேட்டு, அதை இன்னும் செயலில் கொண்டுவர முடியாத நிலையில், இன்னொன்றைக் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் அஞ்சுவாராம். ஒரே காலைப் பொழுதில் நாற்பது அறிவுரைகள் கைப்பேசியில் வந்து இறங்கும் காலத்தில் வாழும் எவரும் இந்த அச்சத்தைச் சற்று நேரம் எண்ணிப்பார்க்கலாம்.

கன்பூசியஸ் வழியில் வந்த பிற்காலச் சிந்தனையாளர் ஷுன்சி தம் நூலின் முதல் இயலிலேயே இதைக் கடுமையாகச் சொல்கிறார். உயர்ந்தவரின் கல்வி காதில் நுழைந்து, உள்ளத்தில் தங்கி, கைகால்களில் பரவி, அசைவிலும் அமைதியிலும் வெளிப்படும். சிறியவரின் கல்வி காதில் நுழைந்து வாய்வழி வெளியேறும். காதுக்கும் வாய்க்கும் இடையே இருப்பது நான்கு அங்குலம், அது ஏழடி உடம்பை எப்படி அழகாக்கும் என்று அவர் கேட்கிறார்.

மார்ச் 6

'அப்படியானால் படிக்கவே வேண்டாமே, நல்லவராக நடந்தால் போதாதா?' என்று கேட்டவருக்கு.

இதே வாதத்தைச் சிலூ செய்திருக்கிறார். பயிற்சி முதிராத ஓர் இளைஞரைப் பி என்னும் ஊரை நிர்வகிக்க அவர் அனுப்பினார். பிறர் பிள்ளையைக் கெடுக்கிறாய் என்று ஆசிரியர் கடிந்துகொண்டபோது, 'அங்கே மக்கள் இருக்கிறார்கள், நிலத் தெய்வத்துக்கும் தானியத் தெய்வத்துக்கும் பலிபீடங்கள் இருக்கின்றன. நூல் படித்தால்தான் கல்வியா?' என்று சிலூ கேட்டார். 'இதனால்தான் எனக்கு நாக்குத் திறமை உள்ளவர்களைப் பிடிப்பதில்லை' என்று பதில் வந்தது. நூலைவிட நடத்தை முதன்மையானது என்று ஓயாமல் சொன்னவரே, நூலை விட்டுவிடுவதற்கு அதைச் சாக்காகக் கொண்டபோது சினந்தார்.

காரணத்தை 17ஆம் இயலில் அதே சிலூவிடம் விரித்துச் சொல்கிறார். அன்பை விரும்பிக் கற்றலை விரும்பாதவனிடம் அது பேதைமையாக முடியும். அறிவை விரும்பிக் கற்றலை விரும்பாதவனிடம் அது தடம் மாறித் திரிவதாக முடியும். சொன்ன சொல்லைக் காப்பது தீங்கு செய்வதாகவும், நேர்மை கடுமையாகவும், துணிவு கலகமாகவும், உறுதி வெறித்தனமாகவும் முடியும். கேள்வி கேட்டவர் தேடிய தத்துவம் இங்கே இருக்கிறது. நல்ல குணம் என்பது தன்னளவில் பாதுகாப்பானது அன்று, அதைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு பயிற்சி இல்லாவிட்டால் அந்தக் குணமே கேடாகத் திரும்பும் என்பது எந்தப் பாட்டியும் எளிதில் சொல்லிவிடும் கருத்து அன்று. நான் அறிந்த குடும்பங்களில் பெருந்துன்பம் விளைவித்தவர்களில் சிலர் தீயவர்கள் அல்லர். எந்த இடத்திலும் உள்ளதை உள்ளபடி சொல்லியே தீருவேன் என்று நின்றவர்கள்.

மார்ச் 6, இரவு

ஒரு துணைக்குறிப்பு. வெறும் சிந்தனையாலும் இந்த இடத்தை எட்ட முடியாது என்பதை அவர் தம் அனுபவமாகவே சொல்கிறார். பகல் முழுதும் உண்ணாமலும் இரவு முழுதும் உறங்காமலும் சிந்தித்துப் பார்த்ததாகவும், பயன் ஏதும் இல்லை, கற்பதே மேல் என்றும் 15ஆம் இயலில் வருகிறது. கற்றுச் சிந்திக்காதவன் திகைப்பான், சிந்தித்துக் கற்காதவன் ஆபத்தில் இருக்கிறான் என்னும் புகழ்பெற்ற வரியை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மார்ச் 8

பெற்றோர் பற்றிய பகுதி எளிய நீதி என்று மீண்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். 2ஆம் இயலில் நான்கு பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், நான்கு வெவ்வேறு பதில்கள் கிடைக்கின்றன. மூன்றாவது பதிலில், இக்காலத்தவர் பெற்றோருக்குச் சோறு போடுவதையே கடமை என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறார். நான்காவது பதிலில், கடினமானது முகபாவம் என்கிறார். வேலை வந்தால் இளையவர் சுமப்பதும், உணவு வந்தால் மூத்தவருக்கு முதலில் கொடுப்பதும் மட்டும் போதும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு நிறுத்திவிடுகிறார்.

அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஆள் மாற்றி ஆள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்போம். யார் உள்ளே நுழைந்தாலும் அவர் முதலில் பார்த்தது கிண்ணத்தை அன்று, வந்தவரின் முகத்தை. தங்கை கொண்டுவரும் நாளில் கிண்ணம் காலியாகும். அவசரமாக ஒருவர் வந்து கடமையை முடித்துவிட்டுப் போகும் நாளில், 'வயிறு சரியில்லை, அப்புறம் குடிக்கிறேன்' என்பார். கஞ்சியில் எந்த மாற்றமும் இல்லை. பணத்தால் வாங்கித் தர முடிந்தவை அனைத்தையும் தந்தபின்னும் எஞ்சி நிற்கும் கடமை முகத்தில் இருக்கிறது என்று ஒருவர் அவ்வளவு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. முகபாவத்தை உத்தரவால் வரவழைக்க முடியாது. நெடுநாள் பயிற்சியால், உள்ளே இருப்பது மாறினால்தான் முகம் மாறும். 5ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன கற்றல் இதுவே.

மார்ச் 9

'மொத்தத்தில் அடங்கிப் போ என்பதுதானே இவருடைய போதனை?' என்ற கேள்விக்கு.

அடங்கிப் போகும் மாணவனை அவர் விரும்பவில்லை. தம் உயிருக்கு உயிரான யான் ஹுய் பற்றியே, 'அவன் எனக்கு உதவுபவன் அல்லன், நான் சொல்வது எல்லாவற்றிலும் மகிழ்ந்துபோகிறான்' என்கிறார். அறம் என்று வரும்போது ஆசிரியனுக்கும் விட்டுக்கொடுக்காதே என்று 15ஆம் இயலில் இருக்கிறது. ஆட்சியாளருக்கு எப்படிப் பணியாற்றுவது என்று சிலூ கேட்டபோது, அவரை ஏமாற்றாதே, ஆனால் முகத்துக்கு நேராக எதிர்த்து நில் என்கிறார். ஒரே சொல்லால் ஒரு நாட்டை அழிக்க முடியுமா என்று ஆட்சியாளர் ஒருவர் கேட்டபோது, 'நான் சொல்வதை எவரும் மறுப்பதில்லை என்பதே ஆட்சியின் இன்பம்' என்று ஒருவர் சொன்னதைச் சுட்டிக்காட்டி, சொல்வது தவறாக இருந்து எவரும் மறுக்காவிட்டால் அது நாட்டை அழிக்கும் சொல்லுக்கு மிக அருகில் வருகிறது என்று பதில் சொல்கிறார்.

பெற்றோரிடமும் மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறார். அவர்கள் கேளாவிட்டால் மரியாதை குறையாமல் இருக்க வேண்டும் என்பதையும் உடன் சேர்க்கிறார். இந்தப் பின்பாதியை மட்டும் பின்னாளில் பலர் பற்றிக்கொண்டார்கள் என்பதை மறுக்கவில்லை.

மார்ச் 12

இந்த நூலில் எனக்கு மிகவும் கடினமான இடத்தை இப்போது எடுத்துக்கொள்கிறேன். ஷெ என்னும் இடத்தின் தலைவர், 'எங்கள் ஊரில் ஒரு நேர்மையாளன் இருக்கிறான். அவன் தந்தை ஆடு திருடியபோது அவனே சாட்சி சொன்னான்' என்று பெருமையாகச் சொல்கிறார். 'எங்கள் ஊரில் நேர்மை வேறு வகையானது. தந்தை மகனை மறைப்பான், மகன் தந்தையை மறைப்பான். நேர்மை அதற்குள் இருக்கிறது' என்கிறார் கன்பூசியஸ்.

முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். உறவினருக்காகச் சட்டத்தை வளைக்கும் எவரும் இந்த வரியைக் கேடயமாக்கலாம் என்று தோன்றியது. இரண்டு செய்திகள் என்னை மீண்டும் அதைத் திறக்க வைத்தன. ஒன்று, கடுமையான சட்டத்தையே நம்பிய பிற்காலச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் அதே கதையை வேறு முடிவோடு சொல்கிறார். அங்கே தந்தையைக் காட்டிக்கொடுத்த மகனையே கொல்லுமாறு சூ நாட்டு அமைச்சர் ஆணையிடுகிறார். அரசனுக்கு நேர்மையாக இருந்தவன் தந்தைக்குக் கோணலாக நடந்தான் என்பது அமைச்சரின் காரணம். ஹான் ஃபெய் இதை, குடும்பப் பற்றும் அரசின் நலனும் ஒருபோதும் பொருந்தாது என்று காட்டவே பயன்படுத்துகிறார். அவர் விரும்பிய உலகில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கண்காணித்து அரசுக்குச் சொல்ல வேண்டும். அந்த உலகத்தோடு ஒப்பிட்டபோது, மகனையாவது தந்தைக்கு எதிரான சாட்சியாக இழுக்காதே என்ற எல்லைக்கோடு வேறு விதமாகத் தெரிந்தது.

இரண்டாவது, இது வெறும் கருத்தாக நின்றுவிடவில்லை. கி.மு. 66இல் ஹான் பேரரசர் சுவான், பெற்றோரை மறைத்த பிள்ளைகள்மேல் குற்றம் சாட்டக் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். கி.பி. 653இல் வெளிவந்த தாங் சட்டத் தொகுப்பிலும் நெருங்கிய உறவினர் ஒருவரை ஒருவர் மறைப்பதற்கு இடம் உண்டு. அதே தொகுப்பு, பெற்றோர்மேல் வழக்குத் தொடுப்பவருக்குக் கழுத்தை நெரித்துக் கொல்லும் தண்டனையையும் விதித்தது. அரசுத் துரோகம் போன்ற பெருங்குற்றங்களுக்கு விலக்கு உண்டு. கட்டாயப்படுத்தாதே என்ற பாதுகாப்பு, வாய் திறக்காதே என்ற கட்டளையாக மாறிய இடம் அது. முன்னதை நான் ஏற்கிறேன். பின்னதை ஏற்க முடியாது.

மார்ச் 13

நேற்று எழுதியதோடு இன்னொன்று. நேர்மையை விரும்பிக் கற்றலை விரும்பாதவனிடம் அது கடுமையாக முடியும் என்று 6ஆம் தேதி எடுத்துக்காட்டினேனே, அந்த ஆடு சாட்சிக்காரன் அதற்கு நேரான உதாரணம். ஊரார் தன்னை நேர்மையாளன் என்று அழைக்க வேண்டும் என்பதற்காகத் தந்தையைக் காட்டிக்கொடுத்தவனா, ஆட்டை இழந்தவனின் துயரத்தைப் பொறுக்காமல் காட்டிக்கொடுத்தவனா என்று கதை சொல்லவில்லை. தலைவர் அவனைப் பெருமைப்பொருளாக அயலார்முன் காட்டுகிறார் என்பதை மட்டும் சொல்கிறது. கன்பூசியஸுக்கு உறுத்தியது அந்தப் பெருமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகன் தந்தையிடம் தனியாகப் பேசி ஆட்டைத் திருப்பிக் கொடுக்க வைக்கலாமே, பெற்றோருக்கு மென்மையாக எடுத்துச் சொல் என்ற போதனை இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மறைத்தலும் திருத்தலும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று அவர் சொல்வது எனக்கு உடன்பாடு. ஆட்டின் உரிமையாளரைப் பற்றி மூலத்தில் ஒரு சொல்லும் இல்லை என்ற குறை அப்படியே நிற்கிறது.

மார்ச் 14

ஆறு குணங்கள் பற்றிய பத்தி 17ஆம் இயலில் இருப்பதை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். இறுதி ஐந்து இயல்கள் பிற்காலச் சேர்க்கை என்று சிங் காலத்து அறிஞர் சுய் ஷு ஐயுற்றது உண்மை, பலர் இன்று அதை ஏற்கிறார்கள். ஆனால் அந்தக் கருத்து அங்கே மட்டும் இல்லை. 8ஆம் இயலில், முறைமை இல்லாத பணிவு களைப்பாகும், எச்சரிக்கை கோழைத்தனமாகும், துணிவு கலகமாகும், நேர்மை கடுமையாகும் என்று வருகிறது. அங்கே கற்றலுக்குப் பதிலாக முறைமை வருகிறது, வாதம் அதுவே.

மார்ச் 16

அரசின் ஆதரவு பற்றிய இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, எனவே நானே எடுத்துக்கொள்கிறேன்.

வாழ்ந்த காலத்தில் அவருக்கு எந்த அரசின் ஆதரவும் நிலைக்கவில்லை. கி.மு. 551இல் இன்றைய சாண்டோங் மாநிலத்தின் சூஃபு பகுதியில் பிறந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியபின் லூ நாட்டை விட்டு வெளியேறி, பல ஆண்டுகள் நாடு நாடாக அலைந்து, கி.மு. 484இல் திரும்பினார். சென் நாட்டுக்கும் சாய் நாட்டுக்கும் இடையே உணவின்றிச் சிக்கி, மாணவர்கள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தபோது, 'உயர்ந்தவனுக்கும் இப்படி நேருமா?' என்று சிலூ கோபத்தோடு கேட்டார். 'நேரும். உயர்ந்தவன் அதில் உறுதியாக நிற்பான், சிறியவன் நிலைதவறுவான்' என்றார். கி.மு. 479இல் அவர் இறந்தபோது மகனும் யான் ஹுய்யும் சிலூவும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

கி.மு. 213இல் தனியாரிடம் இருந்த பழம்பாடல்களையும் ஆவணங்களையும் எரிக்குமாறு சின் பேரரசருக்கு ஆலோசனை சொன்ன லி சி, ஷுன்சியின் மாணவர் என்பது எனக்கு ஆறாத வருத்தம். நான்கு அங்குலக் கல்வியைப் பழித்தவரிடம் படித்தவர் அவர். ஆதரவு அதன்பின் வந்தது. ஹான் பேரரசர் வூ கி.மு. 136இல் கன்பூசியஸ் மரபினர் போற்றிய ஐந்து பழம்நூல்களுக்கு அறிஞர் பதவிகளை ஏற்படுத்தி, கி.மு. 124இல் 50 மாணவரோடு அரசுக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். 1313இல் யுவான் அரசு, 12ஆம் நூற்றாண்டு அறிஞர் சூ ஷியின் விளக்க உரையோடு கூடிய, லுன்யூ உள்ளிட்ட நான்கு நூல்களை அரசுத் தேர்வின் அடிப்படையாக்கியது. 1905 வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

அந்தச் சூ ஷியின் கதையைக் கவனியுங்கள். அவர் 1200இல் இறந்தபோது அவருடைய போதனை 'பொய்க் கல்வி' என்று அரசால் தடைசெய்யப்பட்டிருந்தது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், லூ மலை அருகே பாழடைந்து கிடந்த வெண்மான் குகைக் கல்விக்கூடத்தை அவர் புதுப்பித்தார். தம்மோடு கடுமையாகக் கருத்து வேறுபட்ட லு ஜியூயுவானை 1181இல் அங்கே அழைத்துப் பேசச் சொன்னார். 'உயர்ந்தவன் அறத்தை அறிவான், சிறியவன் ஆதாயத்தை அறிவான்' என்ற 4ஆம் இயலின் வரியை எடுத்துக்கொண்ட லு, தேர்வில் தேறிப் பதவி பெறுவதற்காக மட்டும் இந்த நூலைப் படிப்பவனின் உள்ளம் எங்கே சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். கேட்டவர்களில் சிலர் அழுதார்கள். சூ ஷி அந்த உரையைக் கல்லில் பொறிக்கச் செய்தார்.

அந்தச் சூ ஷியின் விளக்க உரைதான் பின்னர் தேர்வுப் பாடமாயிற்று. அந்தக் காலத்தவர் தமக்காகக் கற்றார்கள், இந்தக் காலத்தவர் பிறருக்காகக் கற்கிறார்கள் என்று 14ஆம் இயல் சொல்வதை, ஆறு நூற்றாண்டுகள் தேர்வு எழுதுபவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அரசின் ஆதரவு இந்த நூலைக் காப்பாற்றியது என்பதைவிட, அந்த ஆதரவையும் மீறி அவ்வப்போது சிலர் அதைத் தமக்காகப் படித்தார்கள் என்பதே எனக்கு உண்மையாகப் படுகிறது. தேர்வுக்காகவே மாணவரைத் தயார்செய்யும் தொழிலில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு கனம் இருக்கிறது. தேர்வு முடிந்தபின்னும் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்க வீடு தேடி வந்த மாணவர்கள் சிலரேனும் உண்டு. அவர்களைத்தான் மறக்காமல் இருக்கிறேன்.

மார்ச் 17

பண்டைய சீனச் சிந்தனையாளர் சுவாங் சுவின் பெயரில் உள்ள நூலில் வரும் சக்கரத் தச்சர் பியானைக் காட்டி, செத்தவர்களின் சொற்கள் வெறும் கசடுதானே என்று கேட்டவருக்கு. வலுவான எதிர்வாதம் அது. உளியை மெல்ல அடித்தால் பிடிப்பதில்லை, வேகமாக அடித்தால் இறங்குவதில்லை, அந்த நடு அளவு கைக்குத் தெரியும், என் மகனுக்குக்கூட அதைச் சொல்லித்தர முடியவில்லை என்கிறார் பியான். ஆனால் இது கன்பூசியஸுக்கு எதிரானது என்று நான் கருதவில்லை. பதிலை ஆளுக்கு ஆள் மாற்றியவர், சொல்லில் அடங்காத ஒன்று இருக்கிறது என்பதை அறிந்தே அப்படிச் செய்தார்.

மார்ச் 20

தீமைக்கு நன்மை செய்வது பற்றி. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' என்று படித்து வளர்ந்த நமக்கு 14ஆம் இயலின் ஒரு பதில் உடனே ஒட்டுவதில்லை. பகைமைக்கு நன்மையால் ஈடு செய்யலாமா என்று ஒருவர் கேட்க, 'அப்படியானால் நன்மைக்கு எதனால் ஈடு செய்வாய்? பகைமைக்கு நேர்மையால் ஈடு செய், நன்மைக்கு நன்மையால் ஈடு செய்' என்கிறார். லாவோ சு நூலின் 63ஆம் பகுதி, குறளின் பக்கம் நிற்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பு எழுத நான் தயாராக இல்லை. நமக்குத் தீங்கு செய்தவரிடம் கூடுதலாக நல்லவராக இருக்க முயன்று, நமக்கு நன்மை செய்தவரை ஒரு தொலைபேசி அழைப்புக்கும் நேரமின்றி விட்டுவிடுவது நடப்பதுதான். அந்தக் கேள்வி அங்கேதான் குத்துகிறது.

மார்ச் 23

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். முதல் இயலிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 5, 6, 11 ஆகிய இயல்களில் மனிதர்கள் வருகிறார்கள், அங்கே தொடங்குங்கள். சிலூவின் பெயர் வரும் பத்திகளை மட்டும் தனியே குறித்துக்கொண்டு ஒரே மூச்சில் படியுங்கள். வேகமும் அன்பும் முரட்டுத்தனமும் உள்ள ஒருவர், ஆசிரியரின் கண்டிப்பை வாழ்நாளெல்லாம் வாங்கிக்கொண்டே உடன் நடக்கிறார். கி.மு. 480இல் வெய் நாட்டுக் கலகத்தில், தப்பிச் செல்ல வாய்ப்பு இருந்தும், தன் தலைவரைக் காக்கத் திரும்பிப்போய்க் கொல்லப்படுகிறார். அவர் வாங்கிய பதில்களில் எத்தனை துணிவைப் பற்றியவை என்று அப்போது தெரியும்.

பிறகு யான் ஹுய் வரும் பத்திகள். அதன்பின் 2, 4, 7 ஆகிய இயல்கள். 10ஆம் இயலில் கன்பூசியஸ் எப்படி நடந்தார், உடுத்தார், உண்டார் என்ற விவரங்களே மிகுதி. அலுப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம், ஆனால் குதிரை லாயம் எரிந்தபோது 'யாருக்காவது காயமா?' என்று மட்டும் கேட்டு, குதிரைகளைப் பற்றிக் கேட்காத இடத்தைத் தவறவிடாதீர்கள். ஆட்டுக் கதை உள்ள 13ஆம் இயலைக் கடைசியில் வையுங்கள். அதைப் படித்தபின் 12ஆம் தேதிக் குறிப்பில் நான் எடுத்த நிலைக்கு எதிராக உங்களுக்குத் தோன்றுவதை இங்கேயே எழுதுங்கள், குறிப்பாக ஆட்டின் உரிமையாளர் பக்கம் நின்று வாதாட ஒருவர் தேவை.